நக்கல் குளியல்

ஒரு காட்டில், வீட்டுக்கு வீடு குழாய் வந்துவிட்ட ஒரு காட்டில், பூங்கொடி என்றொரு எருமை வாழ்ந்துவந்தது. எருமைக்குப் பூங்கொடி என்று பெயர் வைக்கலாமா என்று கேட்பவர்கள் தங்கள் வேலையைப் பார்க்கலாம்.

அந்தக் கோடையில் ஏரி பாதியாக வற்றியது. ஏரியில் இறங்கத் தடை போட்டார்கள். தடை போட்டால் மட்டும் போதுமா? தண்ணீர் இலாகா அதிகாரியான கொக்கு, ‘வீட்டில் தண்ணீரைச் சேமிப்பது எப்படி?’ என்று ஒரு கூட்டமும் போட்டது. கூட்டத்தில் ஆளுக்கொரு படிவம் கொடுத்தார்கள். ‘ஒரு நாளைக்கு எத்தனை வாளித் தண்ணீரில் குளிக்கிறீர்கள்?’ என்பது கேள்வி. யானை நாற்பது என்று உண்மையை எழுதித் திட்டு வாங்கியது. பூங்கொடி பத்து என்று எழுதியது. பூனை மட்டும் பூஜ்ஜியம் என்று எழுதியிருந்தது.

“பூஜ்ஜியமா!” கொக்குக்கு இறகெல்லாம் சிலிர்த்துவிட்டது. “அப்புறம் எப்படிம்மா குளிக்கிறீங்க?”

“நக்கித்தான் சார்,” என்றது பூனை, மிகுந்த அடக்கத்துடன். “பாத்திரமும் அப்படித்தான் கழுவுறது.”

பூனைக்குப் பொன்னாடை போர்த்தி, ‘நீர்க் காவலர்’ விருது கொடுத்தார்கள். மறுநாளே சுற்றறிக்கை வந்தது. ‘இனி அனைவரும் நக்கல் முறையிலேயே குளிக்க வேண்டும். ஏழு நாள் அவ்வாறு குளித்ததற்கான படிவத்தைத் தராதவர்களின் குழாய் இணைப்பு துண்டிக்கப்படும்.’

யானை அதை இரண்டு தடவை படித்துவிட்டுக் கொக்கிடம் போனது.

“என்ன சார், நக்கலா?”

“ஆமா, நக்கல்தான்.”

“இவ்வளவு பெரிய ஆள்கிட்டயே நக்கலா?”

“பெரியவங்க சின்னவங்க பாகுபாடே கிடையாதுங்க. எல்லாருக்கும் ஒரே நக்கல்.”

யானைக்கு நாக்கு வாயைத் தாண்டவில்லை. ஆமைக்கு முதுகு எட்டவில்லை. எழுதிக் கேட்டதற்கு, ஓட்டைக் கழற்றி முன்னால் வைத்துக்கொண்டு நக்கவும் என்று பதில் வந்தது.

பூங்கொடியின் பாடுதான் படு மோசம். எருமைத் தோல், எருமைத் தோல் என்று வாய் கூசாமல் திட்டுகிறார்களே, வெயிலுக்கு முதலில் வெடிப்பது அந்தத் தோல்தான் என்று ஒருவருக்காவது தெரியுமா? குழாய் இணைப்பு போனால் அந்தக் கோடையை அது தாண்டாது. எனவே நக்கியது. விடிந்ததும் ஆரம்பித்து இடது தொடைக்கு வந்து சேரும்போது மதியம் ஆகிவிட்டது. நாக்கு வறண்டு, ஒரே மூச்சில் இருபது வாளித் தண்ணீரைக் குடித்தது.

குடித்து முடித்ததும் அதற்குக் கோபம் வந்தது. நேராகப் போய் இலாகா வரிசையில் நின்றது.

“சார், குளிச்சா பத்து வாளி. நக்குனா இருபது வாளி. இது எந்த ஊர்ச் சிக்கனம்?”

“குடிக்கிறது குடிநீர்ப் பிரிவும்மா. நான் குளியல் பிரிவு.”

“ரெண்டும் ஒரே ஏரித் தண்ணிதானே?”

“ஏரி ஒண்ணுதான். ஃபைல் ரெண்டு.”

பூங்கொடி எவ்வளவோ வாதாடிப் பார்த்தது. படிவம் வந்தே ஆகவேண்டும் என்று கொக்கு ஒற்றைக் காலில் நின்றது.

சரி, விருது வாங்கியவரையே கேட்போம் என்று பூங்கொடி பூனை வீட்டுக்குப் போனது. தெருவெல்லாம் சேறு. கொல்லைப்புறத்தில் குழாய் முழுசாகத் திறந்து கிடக்க, தண்ணீர் கொட்டிச் சாக்கடையில் ஓடிக்கொண்டிருந்தது.

“அக்கா! குழாய் திறந்திருக்கு!”

“தெரியும்டி. குழாய் மாட்டுன குரங்கு திறந்து பார்த்துட்டு அப்படியே போயிடுச்சு. மூணு மாசமா ஓடுது.”

“மூடக் கூடாதா?”

“எப்படி மூடுவேன்? கையில தண்ணி பட்டுடாதா?” பூனை இரண்டடி பின்னால் துள்ளியது. “தண்ணின்னாலே எனக்கு உயிர் போயிடும். இல்லேன்னா நான் ஏன் நக்குறேன்?”

பூங்கொடி ஓடிப்போய்க் கொக்கை இழுத்துவந்து காட்டியது. கொக்கு குழாயைப் பார்த்தது. பூனையின் படிவத்தைப் பார்த்தது.

“அவங்க இதுல குளிக்கிறாங்களா?”

“இல்ல.”

“பாத்திரம் கழுவுறாங்களா?”

“இல்ல சார், ஆனா...”

“யாருமே செலவழிக்காத தண்ணி எப்படிம்மா வீணாகும்?”

“நானாவது மூடிடறேனே!”

“விருது வாங்குன வீட்டுக் குழாய்ல கை வெக்கணும்னா மேலிடத்து அனுமதி வேணும். ஆறு மாசம் ஆகும்.”

பூங்கொடி பதில் சொல்ல வாயைத் திறந்தது. ஒன்பது பதில்கள் தயாராக இருந்தன, ஒன்பதும் அருமையானவை. ஆனால் கொளுத்தும் வெயிலில் முதுகு சுரீரென்று இழுத்தது. பிறந்ததிலிருந்து முதல் தடவையாக வாதத்தைப் பாதியில் விட்டுவிட்டு, அந்தக் குழாய்க்குக் கீழே போய்ப் பொத்தென்று விழுந்தது.

“ஏய்! குளிக்கிறியா?” கொக்கு பதறிப்போனது.

“இல்ல சார், படுத்திருக்கேன். தண்ணிதான் வந்து என் மேல விழுது.”

கொக்கு பூங்கொடியின் படிவத்தை எடுத்து இப்படியும் அப்படியும் புரட்டியது. படுப்பதற்குக் கட்டமே இல்லை. ‘ஏழு நாள் குளியல்: பூஜ்ஜியம்’ என்று எழுதி முத்திரை குத்திவிட்டுக் கிளம்பியது. இணைப்பு தப்பியது.

சாயங்காலத்துக்குள் விஷயம் காடெல்லாம் பரவிவிட்டது. “கொஞ்சம் தள்ளிப் படும்மா,” என்றபடி யானை வந்து சேர்ந்தது.

நீதி: வீட்டில் தண்ணீரை மிச்சம் பிடிக்க ஒரே வழி, பக்கத்து வீட்டுக் குழாய்க்குக் கீழே போய்ப் படுத்துக்கொள்வதுதான்.