கையெழுத்து வாங்கப் போன கிடார்

"நான் கிட்டு இல்லீங்க, வரதராஜன்!"

மூன்றாவது தடவையாகச் சொன்னார். அதற்குள் கழுத்தில் மாலை விழுந்துவிட்டது.

"எவ்வளவு பெரிய மேதை, என்ன அடக்கம் பாருங்க!" என்று உருகினார் நடேசன். சிக்கந்தராபாத்தில் அந்தக் கச்சேரியை ஏற்பாடு செய்த சபாவின் காரியதரிசி அவர்.

வரதராஜன் மல்லாபூரில் ஒரு தொழிற்சாலையின் ஸ்டோர் கீப்பர். பத்மநாபன், கிட்டு சகோதரர்களின் கிடாரைப் பன்னிரண்டு வருஷமாக ரேடியோவில் கேட்டு உருகுகிறவர். இன்று நேரில் கேட்க அரைநாள் லீவு போட்டு, இரண்டு பஸ் மாறி வந்தார். வந்ததோடு நிற்கக் கூடாதா? இருவரிடமும் கையெழுத்து வாங்குவதற்காக மச்சினனின் கிடாரையும் இரவல் வாங்கித் தூக்கி வந்தார்.

ரேடியோவில் முகம் தெரியாது. சபாக்காரர்களுக்கும் தெரியாது. "தனித்தனியாக வருகிறோம், நேரே அரங்குக்கே" என்று ஒரு தந்தி வந்திருந்தது, அவ்வளவுதான். கிடாரோடு ஓர் ஆளை வாசலில் கண்டதும் பிடித்துக்கொண்டார்கள்.

கச்சேரிக்கு அரை மணிதான் இருந்தது. உண்மையைச் சொன்னால் அடக்கம் என்கிறார்கள். பொய்யாவது கைகொடுக்கிறதா பார்ப்போம் என்று துணிந்தார் வரதராஜன்.

"விரல்ல சுளுக்கு சார். அசைக்கவே முடியலை."

உடனே பாதி காலியான தைலப் பாட்டிலோடு ஒரு தொண்டர் ஓடிவந்து, பத்து விரலையும் நீவிவிட்டார்.

"இப்ப எப்படி சார்?"

"எரியுது. வெளியே போய் ஒரு டீ குடிச்சுட்டு வந்துடறேனே?"

"நீங்க போறதா? நக்கோ சார், வேண்டவே வேண்டாம்!" என்றார் நடேசன். டீ வந்தது. கூடவே, பக்கத்துக்கு ஒருவராக இரண்டு தொண்டர்களும் வந்து உட்கார்ந்துகொண்டார்கள்.

வரதராஜன் யோசித்தார்.

"அண்ணா இல்லாம நான் வாசிச்சதே கிடையாது. அவர் வந்தாத்தான் மேடை ஏறுவேன்."

சொன்னபிறகு அவருக்கே தம் மூளைமேல் ஒரு மரியாதை வந்தது.

நடேசன் முகம் மலர்ந்தது. "இவ்வளவுதானே? அண்ணா வந்து ஒரு மணி நேரம் ஆச்சே! உள்ரூம்ல இருக்கார். 'தம்பி வந்தாச்சா, வந்தாச்சா'ன்னு கேட்டுட்டே இருக்கார்."

பன்னிரண்டு வருஷமாகக் கும்பிட்ட மனிதர் முன்னால், அவர் தம்பியின் மாலையைப் போட்டுக்கொண்டு நிற்பதா? போலீஸில் ஒப்படைத்தால்கூடப் பரவாயில்லை. "யாருய்யா நீ?" என்று அந்த மனிதர் கேட்டுவிட்டால், அப்புறம் எந்த முகத்தோடு ரேடியோவைத் திருப்புவது? வரதராஜனுக்கு அழுகையே வந்துவிட்டது.

"அண்ணன் தம்பி தனியா பேசிக்கட்டும்" என்று அவரை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தினார் நடேசன்.

அறையில் தைல வாசனை அடித்தது. கழுத்தில் மாலையும் மடியில் கிடாருமாக ஒரு வழுக்கைத் தலையர் உட்கார்ந்திருந்தார். வரதராஜன் தடாலென்று அவர் காலில் விழுந்தார்.

"ஐயா, மன்னிச்சுடுங்க! நான் கிட்டு இல்லை. உங்க கையெழுத்துக்காக வந்த வெறும் ரசிகன். நீங்கதான் காப்பாத்தணும்!"

வழுக்கைத் தலையர் தம் தலையில் கைவைத்துக்கொண்டார்.

"போச்சு! கிட்டு வந்ததும் அவர் கால்ல விழுந்து தப்பிச்சுக்கலாம்னுதானே சார், ஒரு மணி நேரமா நானும் இங்க காத்திட்டிருக்கேன்!"