நான் ஃபார்சியில் விடைபெற்ற கதை

அன்பு மிகுந்த மாப்பிள்ளை தீர்த்தகிரிக்கு, நாமக்கல்லிலிருந்து மாமன் சின்னண்ணன் எழுதுவது. அங்கே பிள்ளைகள், ஆடுமாடு, கிணற்றுத் தண்ணீர் எல்லாம் சுகந்தானே? இங்கே உன் அக்காள் சுகம், பண்ணையில் கோழிகள் சுகம். நான் மட்டும் சுகமில்லை.

ஜெர்மனியில் வேலை பார்க்கும் நம் தனப்பிரியா, ஈரான்காரப் பையனைத்தான் கட்டுவேன் என்றதும், நாங்கள் அழுது பார்த்து ஒத்துக்கொண்டதும் உனக்குத் தெரியும். பையனைப் பெற்றவர்களுக்கு ஃபார்சி தவிர வேறு பாஷை தெரியாது. பெண்ணின் அப்பா தங்கள் பாஷையில் நாலு வார்த்தை பேசினால்தான் மனசு ஒப்பும் என்று அந்த அம்மா சொல்லிவிட்டார்களாம். பிள்ளையின் வாழ்க்கை என் நாக்கில் வந்து தொங்குகிறது.

கோழிக்குத் தீவனம் கொட்டிக்கொண்டே, மகள் அனுப்பிய பாடத்தைக் கேட்டேன். முதலில் தைரியமாகத்தான் இருந்தது. நம்மைப் போலவே வினைச்சொல் கடைசியில் வருகிறது. மன் என்றால் நான், சாய் என்றால் டீ, மீகோரம் என்றால் சாப்பிடுகிறேன்; வரிசையாக வைத்தால் வாக்கியம். டீயைச் சாப்பிடுவதிலும் நம்மைப் போலத்தான். 'மன்' என்பதை விட்டுவிட்டாலும் குற்றமில்லை, வினையின் வாலிலேயே ஆள் ஒட்டிக்கொண்டிருக்கிறான். ஆனால் அவன், அவள் இரண்டுக்கும் ஒரே சொல். சேவல், பெட்டை பிரித்தே பழகிய எனக்கு அதுதான் இன்னும் பிடிபடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் பேச்சு. டீ வாக்கியத்தைச் சொன்னேன், கைதட்டினார்கள். முடிக்கும்போது 'மீரவம்', அதாவது போகிறேன், என்று சொல்லச் சொல்லியிருந்தாள் மகள். நல்ல காரியம் பேசிட்டு எவனாச்சும் 'போறேன்'னு வாயைத் திறப்பானா? உன் அக்காளும் பக்கத்துல இருந்து, "ஏனுங்க, போய்ட்டு வாரேன்னு சொல்லுங்க"ன்னு கிள்ளுறா. அதனால 'மீரவம், மீயாயம்'னு நானே சேர்த்துட்டேன். போறேன், வாரேன். அந்தப் பக்கம் ஒரே ஆரவாரம். எனக்குப் பெருமை தாங்கல.

அவங்க ஊரு ஈரானுக்கே நான் வாரேன்னு எடுத்துக்கிட்டாங்க மாப்ள! மாடி அறைக்கு வெள்ளையடிச்சு, சொந்தபந்தத்தையெல்லாம் கூப்பிட்டு, சம்பந்தியம்மா எனக்குன்னு மெத்தை தைக்கிறாங்களாம். போகும்போது 'வாரேன்'கிறது எங்க ஊர் வழக்கமுங்கன்னு சொல்ல, பாடம் இன்னும் அவ்வளவு தூரம் போகல. "நீங்க வரலைன்னா அவங்களுக்கு அவமானம்ப்பா"ன்னு மக போன்ல அழுவுறா. திருச்செங்கோட்டைத் தாண்டிப் போயே பழக்கமில்லாத ஆளு நான். சோறு இறங்க மாட்டேங்குது. நீதான் தாய்மாமன், நீயே பேசி இந்தக் கல்யாணத்தை நிறுத்திப்போடு சாமி.

உன் குடும்பம் நோய்நொடியில்லாமல் தழைக்க வேண்டிக்கொள்ளும்,
மாமன் சின்னண்ணன்

பின்குறிப்பு: எதையும் நிறுத்தாதே. இப்பத்தான் அந்தம்மா வீடியோவுல வந்தாங்க. மெத்தையைத் தூக்கிக் காட்டி, கண்ணு கலங்கி, நீளமா என்னவோ கேட்டாங்க. கடைசியில வந்த வினைச்சொல் மட்டும் புரிஞ்சுது: வருவீங்களா? மீயாயம்னுட்டேன். பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போடப்போறேன். கோழிகளை நீ வந்து பார்த்துக்கோ.