காந்தத்தில் ஒட்டிய அம்பர்

இப்போதெல்லாம் கால் குளிர்ந்தால் எவனும் கம்பளி தேடுவதில்லை, மகானைத் தேடுகிறான். கிழவர் கொர்னெலுக்கு இதுதான் ஆத்திரம்.

உறைந்த ஏரியின் பனியை முக்கோணமாக அறுத்துத் துளை போட்டவர் அவர். ஆனால் வார்ஸா நகரத்திலிருந்து பனிக்கடியில் முக்குளிக்க வந்த கூட்டம் துளைப் பக்கமே வரவில்லை. எல்லாரும் செவெரின் மகானின் கூடாரத்தில் வரிசை கட்டி நின்றார்கள்.

செவெரின் போன வருஷம் வரை மெத்தை விற்றவர். இந்த வருஷம் ஞானம் வந்துவிட்டது. பால்டிக் கடல் ஒதுக்கும் அம்பர் என்ற மஞ்சள் கல்லைப் பொடியாக்கி, மந்திரித்து, துணிப்பையில் தைத்துத் தந்தார். பாதத்தடியில் வைத்தால் எலும்பு வரை சூடாம். கையில் வாங்கிய கொஞ்ச நேரத்தில் பை கதகதத்தது நிஜம். பார்த்தவர்கள் சிலுவை போட்டுக்கொண்டார்கள். மூடிய தகர டப்பாவில் தூங்கி, பக்தன் காசு கொடுத்ததும் விழித்துக்கொள்ளும் கல்.

பையைப் பிரித்தால் சக்தி பறந்துவிடும். கனத்த கம்பளி போட்டால் சக்திக்கு மூச்சு முட்டும். கொர்னெலின் மகள் யகோடா, நீர் புகாத உடைக்குள் மெல்லிய பனியனோடும் ஒரே அடுக்குக் காலுறையோடும் வந்து நின்றாள்.

"கம்பளி எங்கடி?"

"கார்ல இருக்குப்பா. இந்தப் பையோட அது ஆகாதாம்."

"இந்த உடுப்பு தண்ணியத்தான் தடுக்கும், குளிர இல்ல. கம்பளியில நிக்கிற காத்துதான் காப்பாத்தும். அடியில விறைச்சுட்டா, மேல இழுக்கச் சொல்லிக் கயித்த அசைக்கக்கூட உனக்குக் கை வராது."

"நீங்க எதத்தான் நம்புனீங்க? கல்யாணத்தன்னிக்கு மாப்பிள்ளையோட அடையாள அட்டைய வாங்கிப் பாத்த ஆளு."

"போட்டோ அவன மாதிரி இல்ல. சரி, இறங்கு. நான் கயிறு பிடிக்க மாட்டேன்."

அவர் கயிறு பிடிக்காமல் அங்கே யாரும் பனிக்கடியில் போனதில்லை. கூட்டம் அவர் பக்கம் திரும்பியது. செவெரின் புன்னகையோடு வந்தார்.

"பெரியவரே, உங்க குளிருக்குக் காரணம் சந்தேகம்."

"என் குளிருக்குக் காரணம் ஜனவரி. ஒரு பை கொடு. பிரிக்க மாட்டேன்."

துளைக்குள் விழும் ஸ்பேனர்களை எடுக்கக் கயிற்றில் கட்டிய பெரிய காந்தம் அவரிடம் இருந்தது. வரிசையில் முதலில் நின்ற ஹலினாவின் அம்பர் மாலையைக் கேட்டு வாங்கி அதன்மேல் போட்டார். வழுக்கி விழுந்தது. செவெரின் தந்த பையைக் காட்டினார். துள்ளி ஒட்டிக்கொண்டது. உதறியும் விழவில்லை.

யகோடா அதைப் பிடுங்கிக் கிழித்தாள். மஞ்சள் கல்லின் பொடி பனிமேல் கரிக்கறுப்பாகக் கொட்டியது.

"அட, இது மீன்பிடிக்கப் போறவன் கை சூட்டுக்கு வச்சுக்கிற இரும்புத்தூள் பை," என்றான் பின்னால் நின்ற ஒருவன். "காத்துப் பட்டாத்தான் சுடும். பூட்ஸுக்குள்ள நசுங்கினா அணஞ்சுரும்."

"இரும்புக்கும் ஆத்மா உண்டு," என்றார் செவெரின், கூடாரத்தின் முளைகளைப் பிடுங்கியபடியே.

யகோடா காருக்குப் போய்க் கம்பளியோடு வந்தாள். கொர்னெல் கயிற்றை எடுத்தார். அவள் முக்குளித்து ஏறி வந்து, ராஸ்பெர்ரி பாகு விட்ட தேநீரைக் குடித்தபடி கால்விரல்களை ஆட்டிக் காட்டினாள்.

அப்போது ஹலினா மெல்லக் கேட்டாள்: "தாத்தா, அந்தக் காந்தத்த யாரு மந்திரிச்சுக் கொடுத்தா? ராத்திரி முட்டியில கட்டிக்கலாமா?"

நாலைந்து பேர் பதிலுக்காக நெருங்கி நின்றார்கள்.

"காலுக்குக் கம்பளி போடுங்க," என்றார் கொர்னெல். "தலைக்கு ஒண்ணும் வேணாம். வேலை கொடுத்தா அது தானா சூடாகும்."

காந்தத்தைக் கோட்டுக்குள் மறைத்துக்கொண்டு நடந்தார். வேலை கொடுப்பார்கள் என்று அவர் நம்பவில்லை.