பன்னிரண்டு கல்லுக்குள் ஒரு மாவீரர்

யார்க்‌ஷயரில் கிம்பர்டன் என்ற ஊரின் நகராட்சி, மக்களுக்குப் பயன்படுகிற காரியம் ஒன்றைச் செய்துவிடுவது என்று திடீரென்று முடிவெடுத்தது. பழைய குத்துச்சண்டைக் கூடத்துக்குக் கூரை மாற்றி, சுவருக்கு வர்ணம் பூசி, வாசலில் ஒரு பெயர்ப்பலகை மாட்ட வேண்டும் என்பதே அந்தக் காரியம். கூரை மாறியது. வர்ணமும் காய்ந்தது. பலகையில் யார் பெயரை எழுதுவது என்ற இடத்தில் வந்துதான் நகராட்சிக்கு மூச்சு முட்டியது.

"பிரிட்டனின் தலைசிறந்த சூப்பர் மிடில்வெயிட் குத்துச்சண்டை வீரர் எவரோ, அன்னாரின் பெயரைச் சூட்டுவதென இம்மன்றம் தீர்மானிக்கிறது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். அது யார் என்று முடிவு செய்வது லேசுப்பட்ட வேலையில்லை என்று ஹெட்லி ஓல்ட்ராய்டுக்குத் தெரியும். முப்பது வருஷமாக அவர் வேறு எதைப் பற்றியும் பேசியதில்லை.

ஹெட்லி பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். சாயங்காலமானால் 'கம்பளி ஆடு' என்ற பப்பில் ஜன்னலோர மேஜையில் இருப்பார். எதிரே கசாப்புக் கடையை மூடிவிட்டு வந்த கிளைவ் பிக்கர்ஸ்டாஃப். ஹெட்லிக்கு டாமி ரஷ்வொர்த்தை விட்டால் உலகத்தில் வீரனே கிடையாது. கிளைவுக்கு டெல்ராய் பக்கனன். டாமியும் டெல்ராயும் ஒரே ஊர், ஒரே காலம், சூப்பர் மிடில்வெயிட் என்ற ஒரே எடைப் பிரிவு. இரண்டு பேரும் சாம்பியன் பட்டம் வாங்கியவர்கள். ஆனால் மேனேஜர்கள் அடித்துக்கொண்டதில், ஒரு தடவைகூட மேடையில் எதிரெதிரே நின்றதில்லை. நின்றிருந்தால் விஷயம் ஒரு மணி நேரத்தில் தீர்ந்திருக்கும். அப்புறம் இந்த மேஜையில் பேச என்ன இருந்திருக்கும்? வேல்ஸ்காரர், லண்டன்காரர் என்று வெளியுலகம் சொல்லுகிற பெரிய பெயர்களுக்கெல்லாம் அந்த மேஜையில் நாற்காலி கிடையாது.

"டாமியோட இடது கை மாதிரி இன்னொண்ணு பொறக்கலய்யா" என்பார் ஹெட்லி.

"கை நல்லாத்தான் இருந்துச்சு. தாடையில ஒண்ணு வாங்குனா தொட்டில் குழந்தையாட்டம் தூங்கிருவானே, அதுக்கு என்ன சொல்ற?" என்பார் கிளைவ்.

நகராட்சித் தீர்மானத்தைப் படித்ததும் ஹெட்லி நேரே டாமி ரஷ்வொர்த்தின் வீட்டுக்குப் போனார். டாமி இப்போது வீடு வீடாகப் போய்த் தரைக்கம்பளம் விரித்துக் கொடுக்கிறவர். முழங்கால் போய்விட்டது. தெருவில் யாருக்கும் அவரை அடையாளம் தெரிவதில்லை. "வாசல்ல உன் பேருதான். நான் பாத்துக்கறேன்" என்று ஹெட்லி வாக்குக் கொடுத்தார். மறுநாள் டாமி கடைத்தெருவுக்குப் போய் ஒரு புது டை வாங்கினார் என்று ஹெட்லி கேள்விப்பட்டார். இனி தோற்க முடியாது.

பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டத்துக்கான அறிவிப்பு வந்தது. "மேற்படி பொருள் குறித்துக் கருத்துரைக்க விழைவோர், சூப்பர் மிடில்வெயிட்டாக வாழ்ந்து பெற்ற அனுபவம் உடையவராக இருத்தல் வேண்டும்" என்று அதில் இருந்தது. கீழே பாரம்பரியம், நல்வாழ்வு மற்றும் கொண்டாட்டங்கள் துறைத் துணை இயக்குநர் மிஸ் திஸில்வுட்டின் கையெழுத்து. ஹெட்லி அந்த அம்மாளைப் பார்க்கப் போனார். உட்காருவது உடம்புக்கு ஆகாது என்று லண்டனிலிருந்து ஒரு நிபுணர் வந்து சொன்னதால், அந்த அலுவலகத்தில் நாற்காலிகளையெல்லாம் எடுத்துவிட்டிருந்தார்கள். எல்லாரும் நின்றுகொண்டே வேலை செய்யாமல் இருந்தார்கள்.

"வாழ்ந்து பெற்ற அனுபவம்னா, குத்துச்சண்டை போட்டிருக்கணுமாம்மா?"

"சேச்சே. வன்முறையை நாங்க ஊக்குவிக்கறதில்ல. எடை இருந்தா போதும். பன்னிரண்டு கல்லுக்கு மேல போகக் கூடாது. பதினொரு கல் ஆறு பவுண்டுக்குக் கீழ வரவும் கூடாது. மத்த எடைக்காரங்களுக்கு அவங்க வலி புரியாது பாருங்க."

"நான் பதினாலு கல்லும்மா."

"அப்ப நீங்க க்ரூசர்வெயிட் சமூகம்" என்றார் மிஸ் திஸில்வுட், பரிவோடு. "அவங்களுக்குத் தனியா ஒரு துணைக்குழு அமைக்கறது பரிசீலனையில இருக்கு."

பதினான்கு பவுண்டுக்கு ஒரு கல் என்று மனிதனை நிறுக்கும் அந்த ஊரில், வாயைத் திறக்க வேண்டுமானால் இரண்டு கல்லைக் கரைத்தாக வேண்டும் என்று ஆனது. ஹெட்லி பீரை விட்டார். சிப்ஸை விட்டார். கிளைவுக்கும் அதே கதிதான். இரண்டு பேரும் ஆளுக்கொரு வெள்ளரிக்காயைக் கடித்துக்கொண்டு டாமியையும் டெல்ராயையும் பற்றி ஈனஸ்வரத்தில் சண்டை போட்டார்கள். அவர்களைப் பார்த்து மற்றவர்களும் ஆரம்பித்தார்கள். சூப்பர் மிடில்வெயிட்டாக இருப்பது ஊரில் நாகரிகம் ஆகிவிட்டது. சூப்பர் மிடில்வெயிட் ரொட்டி என்று பாதி ரொட்டியை முழு விலைக்கு விற்றார்கள். பப் நடத்தும் பிரெண்டாவுக்குத்தான் வயிறு எரிந்தது. "கண்ணுகளா, இப்படியே போனா நான் கடையை மூடிட்டு நானும் மெலிய வேண்டியதுதான்" என்றாள்.

வேர்வை சிந்தினால் எடை குறையும் என்று, கறுப்புக் குப்பைப் பையில் தலைக்கும் கைக்கும் ஓட்டை போட்டு மாட்டிக்கொண்டு ஓடுவது குத்துச்சண்டைக்காரர்களின் பழைய வழக்கம். ஹெட்லியும் அப்படி ஓடினார். தபால் நிலைய முக்கில் மூச்சு வாங்க நடைபாதையில் குந்தியபோது, நகராட்சித் துப்புரவு அலுவலர் ஒருவர் வந்து அவர் முதுகில் ஒரு மஞ்சள் சீட்டை ஒட்டினார். தவறான நாளில் வெளியே வைக்கப்பட்ட கழிவு, உரியவர் மீது நடவடிக்கை எடுக்கப்படும் என்று அதில் அச்சடித்திருந்தது.

"யோவ், நான் மனுசன்யா."

"இருக்கலாம். ஆனா இந்தத் தெருவுக்குக் கறுப்புப் பை செவ்வாய்க்கிழமைதான்" என்றார் அலுவலர்.

எடை பார்க்கும் நாளன்று நூலகத்தில் ஊரே வரிசையில் நின்றது. பாதிப் பேர் கல்லைக் கரைக்க முடியாமல் தோற்றார்கள். இன்னும் பாதிப் பேர் ஆர்வக் கோளாறில் அளவுக்கு மேல் கரைந்துபோய்த் தோற்றார்கள். கிளைவ் ஒரு பவுண்டு கூடுதல். கண்ணாடியைக் கழற்றினார், பல்செட்டைக் கழற்றினார், கடைசியில் உள்ளாடையோடு நின்றார். முள் அசையவில்லை. முந்தின நாள் அவர் மனம் தளர்ந்து ஒரு தட்டு சாசேஜ் சாப்பிட்டிருந்தார். ஹெட்லி மட்டும் சரியாகப் பன்னிரண்டு கல்லில் நின்றார்.

அன்று மாலைக் கூட்டத்தில், ஆகவே, விவாதம் செய்ய ஒரே ஒரு ஆள்தான் இருந்தார். டாமி புது டை கட்டிக்கொண்டு முன்வரிசையில் வந்து உட்கார்ந்திருந்தார். டெல்ராய் பர்மிங்ஹாமில் மகள் வீட்டில் இருப்பதாகச் சொல்லி அனுப்பியிருந்தார். ஹெட்லி பசிமயக்கத்தோடு எழுந்து, டாமியின் ஒவ்வொரு சண்டையையும், ஒவ்வொரு சுற்றையும், உடைந்த விலா எலும்போடு நின்று ஜெயித்ததையும் எடுத்துச் சொன்னார். கேட்டவர்களில் சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். மறுத்துப் பேசக் கிளைவ் கையைத் தூக்கிக்கொண்டே இருந்தார். "உங்கள் மௌனம் பதிவு செய்யப்பட்டது" என்று அவருக்குத் தெரிவிக்கப்பட்டது.

"நன்றி. அடுத்தது தகுதிப் பரிசீலனை" என்று சொல்லி, மிஸ் திஸில்வுட் டாமியைத் தராசில் ஏறச் சொன்னார். முள் பதினைந்தரைக் கல்லில் போய் நின்றது.

"மன்னிக்கணும். நீங்க சூப்பர் மிடில்வெயிட் இல்ல."

"இருந்தேன்மா."

"இறந்தகாலம் எங்க துறையில வராது, அது ஆவணக் காப்பகம். சரி, நீங்க எப்பவாவது யாரையாவது அடிச்சிருக்கீங்களா?"

டாமி யோசித்தார். "முப்பத்தஞ்சு பேர் இருக்கும்."

நகராட்சியின் 'மரியாதையான சூழல்' கொள்கையின்படி, ஆளை அடித்தவரைப் பற்றி அதற்குமேல் பேச இடமில்லை. மிஸ் திஸில்வுட் ஹெட்லியின் பக்கம் திரும்பினார். பிரிட்டிஷ் குடிமகன்தானே என்று கேட்டார். ஆமாம் என்றார் ஹெட்லி. யாரையாவது அடித்ததுண்டா என்று கேட்டார். இல்லை என்றார். எடையைக் காலையில்தான் நகராட்சியே நிறுத்திருந்தது. குழு கூடிப் பேசிப் பிரிந்தது. பிரிட்டனின் தலைசிறந்த சூப்பர் மிடில்வெயிட் குத்துச்சண்டை வீரர் திரு. ஹெட்லி ஓல்ட்ராய்ட் என்று அறிவிக்கப்பட்டது.

"அம்மா, நான் கையுறைகூடப் போட்டதில்ல."

"அதனாலதான் நீங்க தோல்வியே காணாதவர்" என்றார் மிஸ் திஸில்வுட். "நீங்க வேண்டாம்னா, விதிப்படி அது 'பல்நோக்கு அறை இரண்டு'ன்னு ஆயிடும்."

ஹெட்லி முன்வரிசையைப் பார்த்தார். வெட்கத்தில் அவருக்கு உடம்பெல்லாம் கூசியது. டாமி தன் டையைத் தடவிக்கொண்டே, "வாங்கிக்கோங்க ஹெட்லி. ஒரு மனுசன் பேரா இருந்துட்டுப் போகட்டும்" என்றார். யாரோ ஹெட்லியின் கையில் கையுறையை மாட்டினார்கள். யாரோ கையை உயரத் தூக்கச் சொன்னார்கள். தூக்கினார். மறுநாள் பத்திரிகையில் வந்த படத்தில் அவர் முகம் துக்கப்படுகிற முகமாக இல்லை என்பதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

பலகை ஏறிய வாரம், கிளைவ் பப்பில் ஹெட்லிக்காகக் காத்திருந்தார். "முப்பது வருஷமா டாமி டாமின்னு என் உசுர எடுத்த. கடைசியில உன்கிட்டயே தோத்துட்டானேய்யா."

ஹெட்லி சிரித்திருக்க வேண்டும். மாறாக, கோப்பையைத் துடைத்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: "எடைன்னு ஒண்ணு இருக்குல்ல கிளைவ். வாயைக் கட்டணும். டாமிகிட்ட அந்தக் கட்டுப்பாடு எப்பவுமே கொஞ்சம் கம்மிதான்."

கிளைவுக்கு முகம் சிவந்துவிட்டது. "என்ன பேச்சுய்யா பேசற? அந்த இடது கை பட்டா நீ எந்த ஊர்ல போய் விழுவ தெரியுமா? டாமி மாதிரி ஒருத்தன் பொறக்கலய்யா."

அந்த நேரம் பார்த்து டாமி ரஷ்வொர்த் உள்ளே வந்தார். நீயே நியாயம் சொல்லு என்று இரண்டு பேரும் அவரைப் பிடித்து உட்கார வைத்தார்கள். டாமி ஒரு வாய் பீர் குடித்துவிட்டு நிதானமாகச் சொன்னார்: "இதுல என்ன இருக்கு? டெல்ராய்தான். நாங்க பயிற்சியில கதவைச் சாத்திக்கிட்டு வாரம் ரெண்டு தடவை மோதுவோம். ஒரு நாள்கூட நான் அவன ஜெயிச்சதில்ல."

ஹெட்லியும் கிளைவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"டாமி, தப்பா எடுத்துக்காத" என்றார் கிளைவ். "உனக்குக் குத்துச்சண்டையைப் பத்தி ஒண்ணும் தெரியாது."

"அதான்" என்றார் ஹெட்லி. "நீ குடி, நாங்க பேசிக்கறோம்."