செத்தால் இறக்கப்படும்

மருதாயி பஞ்சலிங்கத்தின் பெயரை முதன்முதலில் கேட்டது பலாங்கொடைக் கார்னிவலில், 'பெரியவர்களுக்கு மாத்திரம்' என்று பலகை தொங்கிய கொட்டகைக்குப் பின்னால், சலங்கையை அவிழ்த்துக்கொண்டிருந்தபோது. "ஸ்டூடியோ பஞ்சலிங்கம் மாஸ்டர் ஒன்னயப் படம் புடிக்கணுமாம். நாக்காலியெல்லாம் போட்டு வச்சிருக்காராம்" என்று டிக்கட் கிழிக்கிறவன் வந்து சொன்னான். நாற்காலியா! தேயிலைத் தோட்டத்தில் பிறந்த நாள் முதல் யாரும் அவளை நாற்காலியில் உட்காரச் சொன்னதில்லை. உச்சி குளிர்ந்து போனாள். போகப்போவது ஓர் ஒப்பக்காரரிடம் என்று பாவம், அவளுக்கு எப்படித் தெரியும்?

ஒப்பக்காரரை உங்களுக்குத் தெரிந்திருக்கும். நீங்கள் என்றைக்கோ ஒருநாள், வயிறு நிறைந்த நேரத்தில், யார் முகத்தையோ முறிக்க மனமில்லாமல், "சரி" என்று ஒரு தலையாட்டு ஆட்டியிருப்பீர்கள். அந்தத் தலையாட்டை ஊறுகாய் போட்டு, ஜாடியில் அடைத்து, மூடியை இறுக்கி, நீங்கள் கிழமாகிப் பல் விழுந்த பிறகும் எடுத்து நீட்டுகிறவர் அவர்தான். "நீர் ஓமெண்டு சொன்னனீர் எல்லே?" அவ்வளவுதான். அதற்கு மேல் உலகத்தில் பேச்சில்லை.

பஞ்சலிங்கம் ஆதியில் யாழ்ப்பாணத்து வக்கீல், அதாவது பிரக்கிராசி ஒருவரின் கந்தோரில் எழுதுவினைஞர். படம் பிடிக்கப் பலாங்கொடைக்கு வந்த பிறகும் நிபந்தனை எழுதுகிற நமைச்சல் விரலை விட்டுப் போகவில்லை. அவர் மனைவி சிவபாக்கியம் கலியாணமான புதிதில், "உங்களுக்கு விருப்பமெண்டால் எனக்கும் சரி" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டாளாம். அன்றிலிருந்து அந்த வீட்டில் பாவற்காய்க் குழம்புதான். "நீர்தானே ஓமெண்டனீர்?"

மருதாயி ஏன் ஆடப் போனாள் என்று கேட்பீர்கள். தோட்டத்தின் மேல் பிரிவான மேற்கணக்கில் காமன் கூத்து நடக்கும்போது ரதி வேஷம் ஆண்பிள்ளைதான் கட்டுவான். ரதியாக நின்றவனோ மருதாயியின் பெரியப்பன் மகளைக் கட்டியவனுக்குத் தம்பி. எருமை சேற்றில் நடப்பது போல ஆடுவான். அவனைவிட நன்றாக ஆடத் தெரிந்தவள் ஓரமாய் நின்று எத்தனை வருஷந்தான் கைதட்டுவாள்? இருபத்தாறு வயதில் ஒரு பருவம் கார்னிவலோடு போய் 'மிஸ் ரோஸி' ஆனாள். ஆடினாள், ஆசை தீர்ந்தது, திரும்பி வந்தாள். கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் குழந்தைகளை விட்டுப்போகும் பிள்ளைக் காம்பராவில் ஆயம்மாவாகச் சேர்ந்தாள்.

படம் மட்டும் திரும்பி வரவில்லை.

முழங்காலுக்கு மேலே நின்ற ஜிகினாப் பாவாடை, மடக்கிய ஒரு கால், இடுப்பில் கை. கறுப்பு வெள்ளைப் படத்துக்குப் பஞ்சலிங்கம் தன் கையாலேயே வர்ணம் தீட்டியிருந்தார். உதட்டுக்குச் சிவப்பு. முழங்காலுக்கு மட்டும் மூன்று தரம் ரோஸ். அதைப் பஸ் ஸ்டாண்டைப் பார்த்த கண்ணாடிப் பெட்டியில், ஒரு சிங்களக் கலியாண ஜோடிக்கும் ஹஜ்ஜுக்குப் போய் வந்த ஒரு பெரியவருக்கும் நடுவில் மாட்டி வைத்தார். நாலு வருஷமாகத் தொங்கியது. படம் எடுத்த அன்றே அவளை நாற்காலியில் இருத்தி, நிபந்தனைத் தாளில் கையெழுத்து, அதாவது ஒப்பம், வாங்கி வைத்திருந்தார்.

இப்போது விஷயம் என்னவென்றால், மருதாயிக்கு ஓப்பநாயக்க ஊர்ப் பக்கத்திலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. தேயிலைச் செடி கவ்வாத்து வெட்டும் ஆட்களுக்குக் கங்காணி, வெள்ளைச்சாமி. அவனுக்கு எல்லாம் தெரியும், "ஆடுனா என்ன, கால் ஒடிஞ்சா போச்சு?" என்றுவிட்டான். ஆனால் அவன் தாய் வெள்ளிக்கிழமை பெண் பார்க்க வருகிறாள். வருகிறவள் பலாங்கொடையில்தான் பஸ் மாற வேண்டும். பஸ் நிற்பது கண்ணாடிப் பெட்டிக்கு நேர் எதிரே.

மருதாயி அத்தை ராக்குவைக் கூட்டிக்கொண்டு ஸ்டூடியோவுக்குப் போனாள்.

"மாஸ்டர், அந்தப் படத்த எறக்கிக் குடுங்க. நல்ல காரியம் ஒன்னு வருதுங்க."

பஞ்சலிங்கம் மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார். இந்த வகையறா பதில் சொல்லுமுன் எதையாவது துடைக்கும்.

"இறக்கலாம் பிள்ளை. எனக்கு ஒரு ஆட்சேபமும் இல்லை. ஆனால் நிபந்தனை இருக்கு. இரண்டு சாட்சி வேணும். சாட்சிக்காரரும் இங்க படம் எடுத்து, பெட்டியில மாட்டச் சம்மதிச்சு ஒப்பம் வைக்க வேணும்."

ஹஜ் பெரியவர் பெட்டிக்குள் எப்படி வந்தார் என்று இப்போது விளங்குகிறதா? தம்பி மகளின் படத்தை இறக்கச் சாட்சிக்கு வந்த மனிதர்!

"இது அநியாயமுங்க."

"மனமொப்பி வைச்ச ஒப்பம். நான் கையைப் பிடிச்சே வைப்பிச்சனான்? நாற்காலியில இருத்தித்தானே வைப்பிச்சனான்?"

"அப்ப நான் செத்தாத்தான் எறக்குவீங்களா?"

"ஓம், அதுவும் இருக்கு. கடைசி நிபந்தனை. செத்த ஆளின்ர படம் முகப்பில தொங்கினால் கலியாணப் பகுதி படி ஏறாதெல்லே? அந்த நிமிஷமே இறக்கிப்போடுவன்."

படியிறங்கி வந்த ராக்கு வெற்றிலையைத் துப்பிவிட்டு, "அப்பறம் என்னடி, செத்துப் போயிரு" என்றாள்.

ராக்கு யாரென்று தெரியுமா? மேற்கணக்கிலும் கீழ்க்கணக்கிலும் எந்த லயத்து வரிசை வீட்டில் உயிர் போனாலும் முதலில் ஆள் அனுப்பிக் கூப்பிடுவது அவளைத்தான். அவள் ஒப்பாரி வைத்தால் செத்தவனுக்கே தன்மேல் இரக்கம் வரும்.

வெள்ளிக்கிழமை பெண் பார்க்க வருவார்கள் என்றால், புதன்கிழமை சாவு. லயத்துப் பெண்கள் ஒரு பஸ் நிறைய வந்து இறங்கினார்கள். கண்ணாடிப் பெட்டிக்கு மாலை விழுந்தது. சந்தனம் அப்பியது. சாம்பிராணி புகைந்தது. ராக்கு மார்பில் அடித்துத் தொடங்கினாள்:

"பொட்டிக்குள்ள நிக்கிறியே, என் பொன்னே,
பூமால கேக்கிறியே!
செவப்புச் சாயம் பூசுனானே, என் கண்ணே,
செத்த பின்னும் விடலியே!"

பக்கத்துப் புடவைக் கடை அப்துல் ரஸாக் ஓடி வந்தார். "அல்லாவே, இந்தப் புள்ள மவுத்தா? முந்தாநாள்தானே எங்கட கடைக்கி வந்து சேல பாத்திட்டுப் போன?"

கலியாணப் படம் எடுக்க வந்த ஒரு ஜோடி படியில் வைத்த காலை அப்படியே எடுத்தது. "அனே, மேக ஹொந்த நே!" என்று பெண்ணின் தாய் மகளை இழுத்தாள். சகுனம் சரியில்லையாம்.

பஞ்சலிங்கம் பதறிப்போய் வெளியே வந்தார். கூட்டத்துக்கு நடுவில், தலைமுடியை அவிழ்த்துப் போட்டு, எல்லாரையும்விடச் சத்தமாக அழுதுகொண்டிருந்தது யார்? மருதாயி!

"பொய்! எல்லாம் பொய்! செத்த ஆள் இந்தா இருக்கிறா! பாருங்கோ, நல்லாப் பாருங்கோ!"

செத்த ஆள் தலைவிரி கோலமாக நிமிர்ந்து பார்த்தாள். ஜோடி ஓடிய ஓட்டத்தில் மணப்பெண்ணின் ஒரு செருப்பு படியிலேயே நின்றுவிட்டது.

"செத்தது மிஸ் ரோஸிங்க" என்றாள் ராக்கு, மூச்சு வாங்க. "ஆடுனவ போய்ச் சேந்துட்டா. இவ பிள்ளக் காம்பரா ஆயம்மா. இன்னும் முப்பதாம் நாள் காரியம் வரைக்கும் தெனம் வந்து அழுவோம். எங்க வழக்கம் அது."

பஞ்சலிங்கம் சிவபாக்கியத்தைப் பார்த்தார். அவள் ஜன்னலடியில் நின்று முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டிருந்தாள். அழுகையா, வேறெதுவுமா, அவளுக்குத்தான் வெளிச்சம்.

படம் இறங்கியது. நெகட்டிவ் கண்ணாடியும் கூடவே வந்தது.

ஆனால் வகையறா வகையறாதான். சந்தனம் பிசுபிசுத்த படத்தை ஒரு கையில் பிடித்துக்கொண்டே மறு கையால் பேனாவை நீட்டினார் மனிதர். "பெற்றுக்கொண்டன் எண்டு ஒரு ஒப்பம் வைச்சிட்டுப் போம் பிள்ளை."

மருதாயி நாற்காலியைத் தானே இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். முடியை முடிந்துகொண்டாள். பேனாவை ஒரு பார்வை பார்த்தாள்.

"செத்தவ கையெழுத்து வப்பாளாங்க, மாஸ்டர்?"

வெள்ளிக்கிழமை மாமியார்க்காரி பஸ் மாறினாள். கண்ணாடிப் பெட்டியில் ஹஜ் பெரியவரைப் பார்த்து, "யாரோ நல்ல மனுசன்" என்று ஒரு கும்பிடும் போட்டாள். தையில் கலியாணம்.

சிரித்தீர்களா? சிரியுங்கள். சிரித்து முடித்த பிறகு, உங்கள் வாயை ஒரு தரம் திறந்து கண்ணாடியில் பாருங்கள். அங்கே யாருடைய பழைய படமும் தொங்கவில்லையே? பத்து வருஷத்துக்கு முன் ஓடிப்போன மைத்துனியை, குடித்து விழுந்த சித்தப்பா மகனை, அவர்கள் எழுந்து வேறு ஆளான பிறகும், கலியாண வீட்டுக்குக் கலியாண வீடு மாட்டிக் காட்டிக்கொண்டு இல்லையே? முழங்காலுக்கு நீங்கள் எத்தனை தரம் ரோஸ் பூசினீர்கள்?

பஞ்சலிங்கத்தைத் தேடாதீர்கள்; அவர் இப்போது சாவகச்சேரியில் மகள் வீட்டில் இருக்கிறார்.