சுவரைத் தாங்கிய மூதாதையர்

வரலாற்றில் உண்மையைப் போற்றிய குடும்பங்கள் பல உண்டு. ஆனால் உண்மைக்குச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டிவைத்த குடும்பம் மெக்சிகோ நகரத்தில் ஒன்றுதான். அதன் தற்போதைய தலைவர் தொன் எவாரிஸ்தோ பிராகமோந்தெஸ். 'தொன்' என்றால் அந்த ஊரில் 'ஐயா' மாதிரி. வளையாத முதுகு அவருக்கு. அந்த வீட்டில் நேராக நின்றது அது ஒன்றுதான்.

ஏரியை மூடி எழுப்பிய நகரம். வீடுகள் சேற்றில் மெல்ல அமிழ்வது அங்கே யாருக்கும் புதிதல்ல. பிராகமோந்தெஸ் வீடு அமிழவில்லை. அது 'கிழக்கு நோக்கி வணங்கியது'. விருந்தாளிகளுக்குப் பாதிக் கோப்பைதான் சாக்லேட் ஊற்றுவார்கள். கஞ்சத்தனம் அல்ல, சாய்வு. ஒவ்வொரு நிலநடுக்கத்துக்குப் பிறகும் கூடத்துச் சுவரில் விரிசலை மறைத்து ஒரு மூதாதையர் படம் கூடியது. சிறிய விரிசலுக்கு ஓர் அத்தை. பெரிய விரிசலுக்குக் குதிரையோடு ஒரு தளபதி. சொந்த மூதாதையர் தீர்ந்துபோனதும் தொன் எவாரிஸ்தோ ஞாயிற்றுச் சந்தையில் பிறருடைய மூதாதையரை வாங்கிவந்தார். குடும்பம் செழித்தது.

இப்போது வீட்டை விற்பதென்று முடிவாகியிருந்தது. வாங்க வரப்போகிறவள் எதெல்மிரா, குழந்தைகள் காப்பகம் நடத்துகிறவள். விற்கிறவர் தமக்குத் தெரிந்த குறையை மறைக்கக் கூடாது என்று சட்டம் சொல்வதை மகள் ஒர்தென்சியா காலையிலேயே நினைவூட்டினாள்.

"அப்பா, அந்தம்மாகிட்ட விரிசலைப் பத்திச் சொல்லிடுங்க."

"நம்ம குடும்பத்துல குறைன்னு ஒண்ணு இருந்தாத்தானே சொல்றதுக்கு?"

"குடும்பத்துல இல்லப்பா, சுவர்ல."

"சுவரும் குடும்பம்தான்."

பிற்பகலில் எதெல்மிரா வந்தாள். பாதிக் கோப்பையோடு படங்களைப் பார்த்துக்கொண்டே நடந்தாள்.

"இந்தத் தளபதி யாரு, தொன்?"

"கொள்ளுத்தாத்தா. போர்ல ஒரு காலை இழந்தவர்."

"படத்துல ரெண்டு காலும் இருக்கே."

"போருக்கு முந்தி வரைஞ்சது."

அடுத்தது எல்லாவற்றிலும் பெரிய படம். கதவு உயரம். அங்கியும் மோதிரமுமாக ஒரு கத்தோலிக்க ஆயர்.

"இவர்?"

"அவரும் கொள்ளுத்தாத்தா. அம்மா வழி."

"ஆயரா? அவங்க கல்யாணமே பண்ணிக்கக் கூடாதே?"

ஒர்தென்சியா இருமினாள். ஒரு விரிசலை மறைக்கப் போய்க் கொள்ளுப்பாட்டியின் மானத்தைச் சந்தியில் நிறுத்திவிட்டது தொன் எவாரிஸ்தோவுக்கு அப்போதுதான் உறைத்தது. ஆனால் பின்வாங்கி அந்த முதுகுக்குப் பழக்கமில்லை.

"நேரடி வாரிசு நாங்க," என்றார் கம்பீரமாக.

"சங்கடப்படாதீங்க. எங்க குடும்பத்துலயும் ஒரு பாதிரியார் உண்டு. நாங்க படம்தான் மாட்டல," என்றாள் எதெல்மிரா. "சரி, வீட்டுல நான் தெரிஞ்சுக்க வேண்டிய குறை ஏதாவது இருக்கா?"

"பெருமை கொஞ்சம் கூடுதல். வேற ஒண்ணும் இல்ல."

"அப்ப நல்லது. மத்தியானத்துல பிள்ளைங்களை இந்தச் சுவரோரமாத்தான் தூங்கவைக்கணும். ஆயரோட ஆசீர்வாதமும் கிடைக்கும்."

ஒர்தென்சியா எழுந்தாள். "அப்பா, படத்தைக் கழட்டுங்க."

"அது குடும்ப கௌரவம்."

"அப்ப நானே கழட்டறேன்."

கழற்றினாள். ஆயர் இருந்த இடத்தில் பக்கத்து வீட்டுச் சமையலறை தெரிந்தது. அங்கே மிளகாய் வறுத்துக்கொண்டிருந்த சோகோரோ நிமிர்ந்து பார்த்தாள்.

"என்ன தொன், ஆயர் வெளியூர் போயிருக்காரா?"

"காற்றோட்டம்," என்று எதெல்மிராவுக்கு விளக்கினார் தொன் எவாரிஸ்தோ. "இந்தக் காலத்து வீடுகள்ல இது கிடைக்காது."

எதெல்மிரா கோப்பையை மேசைமீது வைத்தாள். அது கிழக்கு நோக்கி மெல்ல நகர்ந்தது.

"வாசல்ல ஒரு பொம்மை கிடந்துச்சே. யாரோடது?"

"என் பேத்தியோடது," என்றார் தொன், பெருமையாக.

"அவ எங்க தூங்குவா?"

தொன் எவாரிஸ்தோ தளபதியின் குதிரையைப் பார்த்தார். மகள்தான் பதில் சொன்னாள்.

"பின்கட்டுல. இந்தக் கூடத்துல அவ கால் வைக்கக் கூடாதுன்னு அப்பா உத்தரவு."

எதெல்மிரா பையை எடுத்துக்கொண்டு போனாள். தொன் எவாரிஸ்தோ ஆயரைத் தூக்கி, இம்மியும் கோணாமல், மறுபடி மாட்டினார். நாளைக்கு வேறொருவர் வீடு பார்க்க வருகிறார்.

பிராகமோந்தெஸ் குடும்பத்தின் இரத்தபாசத்தைப் பற்றி யாரும் குறை சொல்ல முடியாது. சொந்தப் பேத்திக்குப் பின்கட்டு. ஊரார் பிள்ளைகளுக்கு ஆயர்.