கோழிதான், என் காதை நம்புங்க

"கொஞ்ச நேரம் பேசாம இரு. சுருதி பார்க்க வேண்டாமா?" என்று பாட்டு வாத்தியார் மனைவியை அடக்கினார். அவருடைய வலது கை கீபோர்டின் மேல் இருந்தது. இடது கையில் ஆறு வாரக் கோழிக்குஞ்சு ஒன்று கீச்சுக்கீச்சென்று கத்திக்கொண்டிருந்தது.

"நான் பிரசவ வார்டு நர்ஸ்" என்றாள் மனைவி. "ஆணா பொண்ணான்னு தினமும் பத்துப் பேருக்குச் சொல்றவ. இது சேவல்."

"நீ கண்ணால பார்த்துச் சொல்ற. நான் காதால கேட்டுச் சொல்றேன். இந்த மென்மை ஆண் குரல்ல வராது. இது பெட்டை."

"கொண்டையைப் பாருங்க, இப்பவே சிவந்து நிக்குது."

"கூச்ச சுபாவம்" என்றார் வாத்தியார்.

பள்ளிக்கூடத்து அறிவியல் டீச்சர் சூட்டுப் பெட்டியில் முட்டை வைத்துப் பொரிக்கவைத்த குஞ்சுகளில் கடைசியாக மிஞ்சியது அது. வாத்தியார் பாடும்போது எழுந்து போகாமல் கடைசி வரை உட்கார்ந்து கேட்டது. அவருடைய இருபது வருட அனுபவத்தில் அப்படி யாரும் கேட்டதில்லை. மடியில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார்.

ஆனால் இது குஞ்சோடு போகிற விஷயம் இல்லை. நாலு வருடத்தில் அவர்கள் மூன்று வீடு மாறியிருந்தார்கள். ஒரு வீட்டுக்காரர் மகன் வருகிறான் என்றார். இன்னொருவர் சுவர் விரிசல் என்றார். மூன்றாமவர் ஒன்றும் சொல்லாமல் தண்ணீரை நிறுத்தினார். இதற்கும் தன்னுடைய காலை நேரப் பாட்டுச் சாதகத்துக்கும் சம்பந்தம் இருக்கலாம் என்று வாத்தியாருக்குத் தோன்றவே இல்லை. மனைவிக்குத் தோன்றியது. அதனால் இந்த மாடி வீட்டில், பாட்டெல்லாம் பள்ளிக்கூடத்தோடு சரி என்று சட்டம் போட்டிருந்தாள். ஆஸ்பத்திரிக்கு நடந்தே போகலாம். இப்படி ஒரு வீடு இனி கிடைக்காது.

கீழே குடியிருந்த வீட்டுக்கார அம்மா போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்றுதான். "எனக்கு விடியக்காலைத் தூக்கம்தான் தூக்கம். கோழி வளர்த்துக்கோங்க. சேவல் மட்டும் ஆகாது."

சந்தேகத்தைத் தீர்க்க வாத்தியார் பள்ளிக்கூடத்துப் பியூனிடம் யோசனை கேட்டார். மோதிரத்தை நூலில் கட்டிக் குஞ்சின் தலைக்கு மேல் தொங்கவிட வேண்டுமாம். வட்டமாகச் சுற்றினால் பெட்டை, நேராக ஆடினால் சேவல்.

"பார்த்தியா, வட்டம்!" என்று குதித்தார் வாத்தியார்.

"மேல ஃபேன் ஓடுது" என்றாள் மனைவி.

ஃபேனை நிறுத்தினார்கள். மோதிரமும் நின்றது. குஞ்சு அதை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, மோதிர முடிச்சுக்குக் கீழே தொங்கிய நூல் நுனியைக் கொத்திப் பாதி நூலை விழுங்கிவிட்டது.

கால்நடை டாக்டர் நூலைப் பதமாக வெளியே எடுத்தார். நூலின் இன்னொரு முனையில் மோதிரம் எதற்கு என்று கேட்டார். வாத்தியார் விஷயத்தைச் சொன்னார்.

"பார்த்தா சேவல் மாதிரிதான் இருக்கு" என்றார் டாக்டர்.

"மாதிரின்னா?"

"கொஞ்ச நாள் பொறுங்க. கூவினா சேவல், முட்டை போட்டா கோழி."

"அது எனக்கே தெரியுமே!"

"அப்புறம் எதுக்கு என்கிட்ட வந்தீங்க?"

வாத்தியார் அந்த 'மாதிரி'யை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். உறுதியாகத் தெரிந்தால் டாக்டர் உறுதியாகச் சொல்லியிருப்பாரே! வீடு திரும்பியதும் கீழே நின்ற வீட்டுக்கார அம்மாவிடம், "டாக்டர்கிட்டயே காட்டியாச்சு. கோழிதான், என் காதை நம்புங்க. சேவலா இருந்தா நானே வீட்டைக் காலி பண்றேன்" என்று சொல்லிவிட்டார்.

"உங்களை யாரு இதைக் கேட்டாங்க?" என்று மனைவி தலையில் அடித்துக்கொண்டாள்.

இரண்டு மாதம் ஓடியது. ஒரு நாள், வெளிச்சம் வருவதற்குள், மாடியிலிருந்து ஒரு கூவல் எழுந்தது.

வாத்தியார் வாரிச் சுருட்டிக்கொண்டு கூண்டுக்கு ஓடினார். அது கழுத்தை நீட்டி அவரைப் பெருமையாகப் பார்த்தது.

"வாத்தியாரே!" கீழேயிருந்து வீட்டுக்கார அம்மாவின் குரல். "என்ன சத்தம் அது?"

"நான்தாங்க! சாதகம் பண்றேன்!"

சொன்ன பிறகு சும்மா இருக்க முடியுமா? வாயைத் திறந்து நீளமாக ஒரு 'ஆ' இழுத்தார். சேவல் பதில் கொடுத்தது. அதை மறைக்க அவர் இன்னும் சத்தமாக இழுத்தார். அதுவும் விட்டுக்கொடுக்கவில்லை. மனைவி காதில் பஞ்சோடு வந்து வாசலில் நின்றாள்.

"பெட்டை கூவுது போல" என்றாள்.

"சில பெட்டை கூவுமாம்."

"சில ஆம்பளைங்க கூவுறதை இப்பத்தான் பார்க்குறேன்."

அன்று முதல் தினமும் சேவலுக்கு முன்னால் எழுந்திருக்க வேண்டியதாயிற்று. சேவல் ஞாயிற்றுக்கிழமைகூட லீவு போடவில்லை. வகுப்பில் வாத்தியார் நின்றபடியே தூங்கினார்.

ஒரு வாரம் கழித்து, வீட்டுக்கார ஐயா அவரைப் படிக்கட்டில் மடக்கினார். பேப்பரே கதி என்று கிடக்கிற மனிதர், மாதத்துக்கு நாலு வார்த்தை பேசினால் அதிகம்.

"வாத்தியாரே, என்ன குரல் சார்! ஒரே மூச்சுல மேல ஏறி, அங்கயே நின்னு பளிச்சுன்னு முடியுது. இதைக் கேட்கத்தான் நான் இப்பெல்லாம் சீக்கிரம் எழுந்திருக்கேன்."

வாத்தியாருக்குத் தலைகால் புரியவில்லை. இருபது வருடமாகக் காத்திருந்த வார்த்தை அது. நன்றி சொல்ல வந்து, அசடு வழிந்தார்.

பின்னாலேயே வந்த வீட்டுக்கார அம்மாவின் முகத்தில் சிரிப்பு இல்லை.

"பாட்டை நான் தப்பு சொல்லல. நல்ல பாட்டு, இவருக்காகப் பொறுத்துக்கறேன். ஆனா கூடவே இன்னொண்ணு கத்துதே, அது என்ன? பாட்டால மூடி மறைச்சா எனக்குத் தெரியாதா? அது சேவல். ஞாயித்துக்கிழமைக்குள்ள அது போகணும். இல்லன்னா நீங்க கொடுத்த வாக்குப்படி நீங்க போகணும்."

கையும் களவுமாகப் பிடிபட்டாலும், 'நல்ல பாட்டு' என்ற வார்த்தை வாத்தியாரின் காதில் இனித்துக்கொண்டே இருந்தது.

சனிக்கிழமை, முட்டை கொண்டுவரும் அம்மாவிடம் பேசி முடித்தார்கள். அவளுடைய கோழிகளுக்கு ஒரு சேவல் தேவைப்பட்டது. அதை வாங்கிக்கொண்டு, முட்டையிடுகிற பெட்டை ஒன்றைத் தந்தாள்.

"கழுத்து இறகு சேவலுக்கு வர்ற மாதிரி கூர்கூரா இருக்கே, இதையா பெட்டைன்னீங்க?" என்று சிரித்தாள்.

வாத்தியார் சிரிக்கவில்லை. கூடைக்குள்ளிருந்து அது அவரையே பார்த்தது. அவருக்கு நிஜமாகவே அழுகை வந்தது. "ராத்திரி கொஞ்சம் பாடினா சீக்கிரம் தூங்கிடும்" என்று முட்டைக்கார அம்மாவிடம் சொல்லி அனுப்பினார்.

"போகட்டும் விடுங்க" என்றாள் மனைவி. "வீடு மிஞ்சிச்சு."

ஞாயிறு காலை வாத்தியார் வழக்கம்போல எழுந்தார். மறைக்க இன்று எதுவும் இல்லை. இனி பாட்டுக்காகவே பாடலாம். கீழே ஒரு ரசிகர் காத்திருக்கிறார். புதுப் பெட்டை மூலையில் சத்தமில்லாமல் படுத்திருக்க, வாத்தியார் கண்ணை மூடி, மனம் விட்டு, அரை மணி நேரம் பாடினார்.

கண்ணைத் திறந்தபோது வீட்டுக்கார அம்மா இடுப்பில் கை வைத்து எதிரே நின்றிருந்தாள். அவள் பின்னால் ஐயா, கையில் பேப்பரோடு.

"சேவலை அனுப்பச் சொன்னேனே! மூட்டையைக் கட்டுங்க."

"அனுப்பியாச்சுங்க! நேத்தே போயிடுச்சு."

"பொய் சொல்லாதீங்க. அரை மணி நேரமா அது ஓயாம கத்தினதைக் கேட்டுட்டுத்தான் வர்றேன். பாட்டு ஒரு தடவைகூடக் கேட்கல. உங்களுக்கு உடம்பு சரியில்லையோன்னு இவரு வேற பயந்துட்டாரு."

வாத்தியாரின் மனைவி பெட்டையைத் தூக்கிக் காட்டினாள். அடியில் ஒரு முட்டை இருந்தது. "பாருங்கம்மா. சத்தியமா இது பெட்டை. இது வாயே திறக்கல."

"ஆமாங்க" என்றார் வாத்தியார். "இன்னிக்குக் கேட்டதெல்லாம் நான் மட்டும்தான்."

வீட்டுக்கார அம்மா பெட்டையைப் பார்த்தாள், முட்டையைப் பார்த்தாள், வாத்தியாரைப் பார்த்தாள். வாத்தியாரின் மனைவி சட்டென்று வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஐயா பேப்பரை மெதுவாக மடித்தார்.

"அப்போ இத்தனை நாளா நல்லாப் பாடினது அந்தச் சேவலா? முதல்ல அதைப் போய்க் கூட்டிட்டு வாங்க வாத்தியாரே, வேணும்னா நீங்களும் அது கூட இருந்துக்கலாம்."